சொந்த நஞ்சையில் வீடு கட்ட ஏன் இத்தனை தடை? டெல்டாக்காரர்கள் வந்து பேசுங்கள்

குடமுருட்டி
பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். அப்பா இருக்கும்போதே பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார். நத்தத்து வீடு அண்ணனுக்கு, ரோட்டோரம் 3 மா நஞ்சை எனக்கு. ரோட்டை ஒட்டிய மூலையில் ஒரு 20 குழியை (2,880 சதுர அடி) மட்டும் மேடாக்கி வீடு கட்டிக்கொண்டு, மீதியில் எப்போதும் போல நடவு போடலாம் என்பது என் கணக்கு. ஊராட்சியில் கேட்டால் நஞ்சையில் வீட்டுக்கு அனுமதி கிடையாது, நில வகைப்பாடு மாற்றிக்கொண்டு வா என்கிறார்கள். இன்னொருவர் "இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் தம்பி, இனிமேல் டெல்டாவில் ஒரு செங்கல் வைக்க முடியாது" என்று வயிற்றைக் கலக்கிவிட்டார்.

ஆனால் என் வரப்பில் நின்று பார்த்தால் தெரிகிற தூரத்தில் ஆர்ச் வைத்து, சிமெண்ட் ரோடு போட்டு, கலர் கலராகக் கொடி கட்டி ஒரு நகர் வந்திருக்கிறது. அதுவும் சம்பா விளைந்த இடம்தான். அவர்களுக்கு முடிந்தது எனக்கு ஏன் முடியவில்லை?

பத்திரக்காரர்
வேளாண் மண்டலம் என்ற பயத்தை முதலில் விடுங்கள் தம்பி. 2020 பிப்ரவரியில் சட்டசபையில் நிறைவேறிய அந்தச் சட்டத்தைப் பாதிப் பேர் படிக்காமலேயே பேசுகிறார்கள். அதன் அட்டவணையில் தடை செய்திருப்பது துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்புத்தாது ஆலை, எஃகு ஆலை, தோல் பதனிடுதல், எலும்பு குளம்பு பதப்படுத்துதல், கப்பல் உடைத்தல், அப்புறம் முக்கியமாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எடுப்பதற்கான புதிய வேலைகள். வீடும் மனைப்பிரிவும் அந்த அட்டவணையில் இல்லை. உங்களைத் தடுப்பது அது அல்ல.

உங்களைத் தடுப்பது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். உங்கள் கிராமம் ஒரு முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) இருந்தால், அந்த வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்களோ அதுதான். குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று பிரித்திருப்பார்கள். வேளாண்மை என்று இருந்தால் மாற்றம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் 47-ஏ பிரிவு, அதற்கு 2017-இல் வந்த விதிகள். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும், வேளாண் இணை இயக்குநரிடம் அறிக்கை வாங்குவார்கள். பாசன வசதி இருக்கிறதா, பக்கத்து நிலத்துப் பாசனம் கெடுமா என்று பார்ப்பார்கள். பார்க்க வேண்டும் என்பது விதி.

அந்த நகர்க்காரர் இதையெல்லாம் செய்துதான் வாங்கியிருப்பார். அவரிடம் ஆள் இருக்கிறது, கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று தினமும் கேட்க ஒருவருக்குச் சம்பளமே கொடுப்பார். 20 குழிக்காரருக்கும் 20 ஏக்கர்காரருக்கும் கிட்டத்தட்ட ஒரே படிவம்தான். வித்தியாசம் அங்கேதான்.

லால்குடி
சந்தடி சாக்கில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து அய்யன் வாய்க்காலிலும் பெருவளை வாய்க்காலிலும் வருவது காவிரித் தண்ணீர் இல்லையா? 2020 சட்டம் வந்தபோது திருச்சி, அரியலூர், கரூர் மூன்றையும் விட்டுவிட்டுத்தானே மண்டலம் போட்டார்கள்.

தாளடி
லால்குடிக்காரர் சொல்வது நியாயம். தஞ்சாவூர், திருவாரூர், அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டம், அதோடு கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள் என்று கோடு போட்டார்கள். ஆறு அந்தக் கோட்டைப் பார்த்து ஓடவில்லை.

ஆனாலும் அந்தச் சட்டத்தை யாரும் லேசாகப் பேச வேண்டாம். மன்னார்குடி மீத்தேன் திட்டம், நெடுவாசல், கதிராமங்கலம் என்று எத்தனை வருஷம் தெருவில் உட்கார்ந்து வாங்கியது அது. நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் இறந்ததே மீத்தேன் எதிர்ப்புப் பிரசாரத்துக்கு நடுவில்தான். 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டிப் பக்கம் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் பேச முடிந்தது, பட்டியலில் இருந்தும் எடுத்தார்கள்.

என் ஆதங்கம் வேறு. உருக்காலையை டெல்டாவில் யாரும் கட்டப் போவதாக இல்லை, அதைத் தடை செய்துவிட்டோம். தினம் தினம் வயலைத் தின்பது செம்மண் லாரியும் மனைக்கு நடும் மஞ்சள் கல்லும், அதற்கு அட்டவணையில் இடமில்லை. ரோடு, துறைமுகம், குழாய், மின்பாதை எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டத்திலேயே விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். விக்கிரவாண்டி நாலுவழிச் சாலை கும்பகோணத்தைத் தாண்டிப் போகிற இடத்தில் இறங்கி நின்று பாருங்கள், ரெண்டு பக்கமும் என்ன முளைக்கிறது என்று.

குடமுருட்டி தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் 20 குழியும் அதில் சேர்த்திதான்.

ஹூஸ்டன்வாசி
மன்னார்குடிக்காரன், இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே ஹூஸ்டன் நகரத்தில் மண்டலச் சட்டமே கிடையாது என்று சொன்னால் நம்புவீர்களா? அமெரிக்காவின் பெரிய நகரங்களில் இது ஒன்றுதான் அப்படி. 1948, 1962, 1993 என்று மூன்று தடவை மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள், மூன்று தடவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் கடை, கடைக்குப் பக்கத்தில் அடுக்குமாடி, யாரும் செத்துப்போகவில்லை. மற்ற பெரிய நகரங்களைவிட இங்கே வீட்டு விலையும் குறைவு. காசு கொடுத்து வாங்கியவன் தன் இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அதிகாரி கலர் பென்சிலை வைத்துக்கொண்டு முடிவு செய்வது என்ன நியாயம்? அந்தத் தம்பி கேட்பது தன் நிலத்தில் தனக்கு ஒரு வீடு. அதற்கு ஆட்சியர் வரைக்கும் போக வேண்டுமா?

மன்னை வக்கீல்
நம்ம ஊர்க்காரர் பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டார். ஹூஸ்டனில் மண்டலச் சட்டம் இல்லை, சரி. ஆனால் பல குடியிருப்புகளில் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த மனையில் வீடு மட்டும்தான், இத்தனை அடி விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று. அதை மீறினால் நகராட்சியே வழக்குப் போடுகிறது. தடை இருக்கிறது, அரசிதழில் இல்லாமல் பத்திரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது வெள்ளத்தைத் தேக்குவதற்கென்று கட்டிய ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களின் நீர்பிடிப்புப் பகுதிக்குள்ளேயே கட்டியிருந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் மூழ்கின. வாங்கும்போது பலருக்கு அது நீர்பிடிப்பு என்றே தெரியாது.

இந்த வழக்கு அமெரிக்காவில் நூறு வருஷப் பழசு. ஒஹையோவில் யூக்ளிட் என்ற ஊர். 68 ஏக்கர் வைத்திருந்த ஒரு மனை நிறுவனம், தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலர், வீட்டுக்கு மட்டும் என்று கோடு போட்டதால் 2,500 டாலர்தான் போகிறது, இது என் சொத்தைப் பறிப்பது என்று நீதிமன்றம் போனது. 1926-இல் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பக்கம் தீர்ப்பு சொன்னது. பொது நலனுக்காகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது வேறு, சொத்தைப் பறிப்பது வேறு என்ற பாதை அங்கிருந்துதான் உறுதியானது.

நம்மிடம் சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமையே இல்லை. 1978-இல் 44-வது திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது 300-ஏ, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்பது. சட்டம் இருந்தால் கட்டுப்படுத்தலாம்.

அப்புறம் இன்னொன்று. 'என் நிலம் என் இஷ்டம்' என்பது தஞ்சாவூர் ஜில்லாவில் அவ்வளவு பழைய கதையும் இல்லை. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இந்த ஜில்லாவுக்கென்றே வந்தது. 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்பு, 1961-இல் 30 தர ஏக்கர் உச்சவரம்பு, 1970-இல் அது 15 ஆனது. 1971-இல் மிராசுதார் மனையில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் குடியிருப்பே சொந்தம் என்று சட்டம் வந்தது. அன்றைக்கும் 'என் சொத்தில் அரசு எப்படி நுழையலாம்' என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்கள் வேறு ஆட்கள்.

ஹூஸ்டன்வாசி
வக்கீல் சார், உச்சவரம்பையும் 20 குழி வீட்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. அது பெரியவனிடம் இருந்து சின்னவனுக்குப் போனது. இது சின்னவனைத்தான் பிடிக்கிறது, பெரியவன் ஆர்ச் வைத்துக்கொண்டு போய்விடுகிறான்.

பத்திரக்காரர்
இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஐராவதம்
நீங்கள் எல்லாரும் நஞ்சைக்கே இப்படிப் புலம்பினால் தாராசுரத்துக்கு வந்து பாருங்கள். எங்களுக்கு நத்தம்தான், பட்டா இருக்கிறது, வீட்டு வரி கட்டுகிறோம், எந்த வகைப்பாடும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஐராவதேசுவரர் கோயிலில் இருந்து 100 மீட்டருக்குள் வீடு. 2010-இல் தொல்லியல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து அந்த 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்ட முடியாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையோடு முன் அனுமதி வாங்கிக் கட்டலாம்.

கீழே தறி. இரண்டு பையன்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மேலே ஒரு மாடி எடுத்தால் தீர்ந்தது. முடியாது. மாடி எடுப்பதும் அந்தச் சட்டத்தில் புதுக் கட்டுமானம்தான், உயரத்தில் கூட்டினாலும் அகலத்தில் கூட்டினாலும் ஒன்றே. பழுது பார்க்கலாம், அதற்கும் அனுமதி. மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டுமே கூடக் கிடைக்கலாம். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் எங்கள் கோயிலையும் சேர்த்தபோது ஊரே சந்தோஷப்பட்டோம், நானும்தான். கோயில் வேண்டாம் என்று தாராசுரத்தில் ஒருத்தர் சொல்ல மாட்டார். ஆனால் அந்தக் கோயிலைப் பார்க்க வருகிறவர் உலகம் முழுக்க இருந்து வருகிறார், அதைப் பாதுகாக்கும் செலவு மட்டும் சுற்றி இருக்கிற கொஞ்சம் வீட்டுக்காரர்கள் தலையில்.

ஒரு விஷயம், பெரிய கோயில் பக்கம் இருக்கிறவர்களுக்கும் உதவும். 100 மீட்டரைக் கோபுரத்தில் இருந்து அளக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் அளவு. எங்கள் தெருவில் ஒருவர் கோபுரத்தில் இருந்து தானே டேப் பிடித்து அளந்து, நாம் வெளியே இருக்கிறோம் என்று தைரியமாகச் செங்கல் இறக்கிவிட்டார். நோட்டீஸ் வந்தது.

அடிமனை
கோயில் மடத்து அடிமனையில் இருக்கிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. வீடு நம்முடையது, மண் சாமியுடையது. அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் அந்த மண்ணை யாரும் விற்க முடியாது, பதிவுத்துறையில் வழிகாட்டி மதிப்பை ஜீரோ என்று போட்டு வைத்திருப்பார்கள். வங்கிக்காரர் வில்லங்கத்தைப் பார்த்ததுமே கைகூப்பிவிடுவார். கும்பகோணம், மாயவரம் பக்கம் தெருத்தெருவாக இப்படி. தனி இழையே போடலாம்.

நகர் விற்பனை
எல்லாரும் ஆர்ச் ஆர்ச் என்று என் தொழிலைத்தான் பேசுகிறீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடி, திருவாரூர் பக்கம் மனை போட்டு விற்கிறவன். முன்னெல்லாம் வயலில் கல் நட்டால் போதும், அடுத்த வாரம் பதிவு. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியக் கூடாது என்று நிறுத்தியது. எங்கள் ஆட்கள் எத்தனை பேர் கடனில் மாட்டினார்கள் என்று எனக்குத்தான் தெரியும். 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முந்தையதை வரன்முறை செய்துகொள்ளலாம் என்று. அதன் பிறகு ஒழுங்காகத்தான் செய்கிறோம். ரோட்டை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கிறோம், பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீதம் திறந்தவெளி விடுகிறோம், நீர்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று வாங்குகிறோம்.

ஊரில் பிள்ளைகள் சிங்கப்பூரில், துபாயில் சம்பாதிக்கிறார்கள், ஊருக்கு வந்து ஒரு வீடு கட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். எங்கே கட்டுவார்கள்? மன்னார்குடியில் புஞ்சை எங்கே இருக்கிறது, திருவாரூரில் எங்கே இருக்கிறது? நாலு பக்கமும் நஞ்சை. ஊர் பெருக்க வேண்டும் என்றால் வயலில்தான் பெருக்கும். தாளடி ஐயா வீடே ஒரு காலத்தில் வயல்தான்.

தாளடி
என் வீடு திடலில் இருக்கிறது. திடல் என்றால் என்ன என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். பழைய ஊர் ஒவ்வொன்றும் மேட்டில்தான் இருக்கும், பள்ளத்தை வயலுக்கு விட்டுவிட்டு மேட்டில் குடியிருந்தார்கள். நீங்கள் பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்குகிறீர்கள். ரெண்டும் ஒன்றா?

கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சர்க்கார் கணக்கில் ஒரு வாய்க்கால் என்றால் அது புறம்போக்கு, அதற்குச் சர்வே எண் இருக்கும், புலப்படத்தில் (சர்வே வரைபடம்) கோடு இருக்கும். மனைப்பிரிவு போடுகிறவர் அந்தக் கோட்டைத் தொட மாட்டார், தொட்டால் மாட்டிக்கொள்வார். ஆனால் நம்ம ஊரில் முக்கால்வாசி வயலுக்கு வாய்க்காலே நேராக வராது. மதகில் இருந்து கன்னி வாய்க்கால், அதில் இருந்து முதல் வயல், முதல் வயலின் வாய்மடை (வரப்பில் தண்ணீர் போக வெட்டிய வழி) வழியாக ரெண்டாவது வயல், அங்கிருந்து மூணாவது. வயலுக்கு வயல் பாய்ச்சல். வடிவதும் அதே மாதிரி, மேல் வயல் தண்ணீர் கீழ் வயல் வழியாக வடிந்து, கடைசியில்தான் வடிகாலுக்குப் போகும். இந்த வாய்மடை எந்தப் படத்திலும் இல்லை. பட்டாவில் இல்லை, சிட்டாவில் இல்லை, அடங்கலில் இல்லை. என் தாத்தாவுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் இருந்த வாய்ப்பேச்சு.

இப்போது நடுவில் இருக்கும் ஒருவர் மட்டும் மனைக்கு விற்கிறார். அங்கீகாரம் முறைப்படி. சான்று முறைப்படி. வாய்க்கால் புறம்போக்கை அங்குலம்கூடத் தொடவில்லை. ஆனால் அவர் நிலத்தை நாலடி மேடாக்கியதும் கீழே இருக்கும் அத்தனை வயலுக்கும் தண்ணீர் கிடையாது. மேலே இருப்பவருக்கு ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாது, தாளடிப் பயிர் வேர் அழுகிவிடும். அடுத்த வருஷம் மேலே இருப்பவரும் தரிசு போடுகிறார், கீழே இருப்பவரும் தரிசு போடுகிறார். அப்புறம் ஒருவர் வந்து 'இது சாகுபடி இல்லாத நிலம்தானே' என்று அறிக்கை எழுதுகிறார். நீங்கள் வாங்கியது ஒரு வேலி நிலம், கெட்டது பத்து வேலி நிலம்.

மேட்டூரை ஜூன் 12 திறந்தாலும் திறக்காவிட்டாலும் இந்தக் கதை ஒன்றுதான்.

நகர் விற்பனை
ஐயா சொல்வது நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டால் குழாய் பதித்துத் தருகிறோம். எங்கள் போன மனைப்பிரிவில் ஓரமாக சிமெண்ட் குழாய் பதித்துக் கீழ் வயலுக்கு விட்டிருக்கிறோம்.

தாளடி
எத்தனை அங்குலம்? யார் தூர் எடுப்பார்கள்? நீங்கள் கடைசி மனையை விற்றுவிட்டுப் போன பிறகு?

வெட்டாற்றுக்காரி
எல்லாரும் நிலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நிலத்தை வைத்திருப்பவரைப் பற்றியும் யாராவது பேசுங்கள். வீட்டுக்காரர் போய்விட்டார். 4 மா நஞ்சை. எனக்கு நடவு தெரியும், களை தெரியும், ஆனால் ஆள் கிடைக்காமல், மிஷினுக்கு வரிசையில் நின்று, கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைந்து, கடைசியில் மிஞ்சுவது என்ன என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்போது குத்தகைக்கு விட்டிருக்கிறேன். பெண்ணை நர்ஸிங் சேர்க்க ஒரு மாவை விற்கலாம் என்றால், வயலாக விற்றால் ஒரு விலை, மனையாக விற்றால் அதைப்போலப் பல மடங்கு. 1 மா என்பது 14,400 சதுர அடி, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டுக்குச் சோறு வேண்டும், நெற்களஞ்சியம், மூதாதையர் மண், எல்லாம் சரிதான். அந்தக் களஞ்சியத்துக்கு என்னைக் காவலாக உட்காரவைத்தவர்கள் சம்பளம் யார் தருவது என்று மட்டும் சொல்லவில்லை. மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு டெல்டாவைக் காப்பாற்றுங்கள் என்று எழுதுகிறவர் தன் ஃபிளாட்டை இன்றைய விலைக்குத்தானே விற்பார்?

குடமுருட்டி
அக்கா கேட்டதுதான் என் கேள்வியும். எனக்கு இன்னொன்றும் புரியவில்லை. சொந்த வீடு ஒன்றே ஒன்று கட்டுகிறவருக்கு எங்கேயாவது தனி வழி இருக்கிறதா? சுயசான்று முறை என்று 2024-இல் ஆன்லைனில் கொண்டுவந்தார்களே, 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் உடனே அனுமதி என்று?

பத்திரக்காரர்
சுயசான்று ஏற்கெனவே மனையாக இருக்கும் இடத்துக்குத்தான் தம்பி. நஞ்சை என்று நிற்கும் வரைக்கும் அது உங்களுக்குத் திறக்காது.

பாலக்காட்டு மருமகள்
சீர்காழியில் பிறந்து கேரளாவில் வாழ்க்கைப்பட்டவள். இங்கே 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அட்டவணை எல்லாம் இல்லை, நெல்வயலை நிரப்பவே கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம். எது நெல்வயல் என்று ஊர் ஊராகப் பதிவேடு தயாரித்தார்கள். ஆனால் வேறு இடம் இல்லாத உடைமைக்காரர் தனக்கு ஒரு வீடு கட்ட ஊராட்சியில் 10 சென்ட் வரை, நகராட்சியில் 5 சென்ட் வரை அனுமதி கேட்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள், அதற்கும் பக்கத்து வயலும் நீர்ப்போக்கும் கெடக் கூடாது. குடமுருட்டி அண்ணாவின் 20 குழி 2,880 சதுர அடி, 7 சென்ட்கூட இல்லை. இங்கே என்றால் அவர் அந்த வழியில் கேட்டிருக்கலாம்.

அதிலும் ஓட்டை இருக்கிறது. பதிவேட்டில் விட்டுப்போன வயலுக்குக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம் என்று 2018-இல் திருத்தினார்கள், விண்ணப்பம் குவிந்துவிட்டது. வெட்டாற்றுக்கார அக்கா கேட்ட சம்பளமும் இங்கே ஒரு மாதிரி உண்டு. நெல்வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு வருஷம் 2,000 ரூபாய் என்று 2020-இல் ஆரம்பித்தார்கள்.

வெட்டாற்றுக்காரி
ஹெக்டேருக்கு 2,000 என்றால் ஒரு மாவுக்கு 270 ரூபாய்கூட இல்லை. நடவுக்கு வரும் ஓர் ஆளுக்கே காணாது. ஆனாலும் ஒரு சர்க்கார், வயலை வைத்திருப்பது ஒரு வேலை என்று காகிதத்தில் ஒத்துக்கொண்டதே, அது பெரிசு. இங்கே அதுவும் இல்லை.

ஹூஸ்டன்வாசி
அக்கா சொல்வதைத்தான் நான் வேறு மாதிரி சொன்னேன். கட்டுப்படுத்துங்கள், ஆனால் இழப்பீடு கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

மன்னை வக்கீல்
இழப்பீடு கொடுத்துத்தான் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் தாளடி ஐயாவின் கீழ் வயல்காரர்களுக்கு யார் இழப்பீடு? மேட்டைப் போட்டவரா? அவரும் கொடுப்பதில்லை. வகைப்பாட்டுச் சண்டையில் எல்லாரும் அரசு ஒரு பக்கம், உடைமைக்காரர் ஒரு பக்கம் என்று பேசுகிறோம். இங்கே உடைமைக்காரர் மூன்று பேர் இருக்கிறார்கள், மேல் வயல், நடு வயல், கீழ் வயல். நடுவில் இருப்பவருக்குக் கொடுக்கும் சுதந்திரம் மற்ற இருவர் சொத்தில் இருந்து எடுத்துக் கொடுப்பது.

அதனால் என் கருத்து இதுதான்: நஞ்சை என்ற ஒற்றை முத்திரையை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரே மாதிரி நிறுத்துவதற்குப் பதில், தண்ணீர் பாயும் வழியையும் வடியும் வழியையும் கண்டிப்பாகப் பாதுகாத்து, அது கெடாத ரோட்டோர மூலையில் சொந்த வீட்டுக்குச் சுலபமாக விட்டுவிடலாம். இப்போது நடப்பது தலைகீழ். முத்திரையைக் கட்டணம் கட்டி மாற்ற முடிகிறது, தண்ணீர் வழியைக் கேட்க ஆளில்லை.

கீழ் வயல்காரர்களுக்கு ஒரு விஷயம், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மடை படத்தில் இல்லாவிட்டாலும் உரிமை இல்லை என்று அர்த்தம் இல்லை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு, 20 வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாக ஒரு வழியில் தண்ணீர் பாய்ந்திருந்தால் அது சட்டப்படியான உரிமை. ஆனால் அந்த 20 வருஷம் வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய 2 வருஷத்துக்குள் வந்து முடிய வேண்டும். அடைத்தது தெரிந்தும் ஒரு வருஷம் பேசாமல் பொறுத்துக்கொண்டால் அதைத் தடை என்றே எடுத்துக்கொள்ளும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் 'பேசிப் பார்க்கலாம் சார், சொந்தக்காரன்தான்' என்று நாலு வருஷம் கழித்து வருகிறார்கள்.

ஐராவதம்
முழுமைத் திட்டத்தில் ரோடு என்று கோடு போட்டு வைத்துவிட்டு, ரோடும் போடாமல், வீடும் கட்ட விடாமல் வைத்திருக்கிறார்களே, அதற்கு என்ன வழி வக்கீல் சார்? மச்சினன் மனையில் அப்படி ஒன்று ஓடுகிறது.

மன்னை வக்கீல்
அதற்கு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு. பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கிய நிலத்தை, திட்ட அறிவிப்பு அரசிதழில் வந்த தேதியில் இருந்து 3 வருஷத்துக்குள் கையகப்படுத்த அறிவிக்கை வெளியிடாவிட்டால், உடன்பாட்டிலும் வாங்காவிட்டால், அந்த ஒதுக்கீடு விடுபட்டதாகக் கருதப்படும். தானாக யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், எழுதிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. முழுமைத் திட்டம் வரைவாக வரும்போது ஆட்சேபணை சொல்ல 2 மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். அந்தச் சமயத்தில் வரைபடத்தைப் போய்ப் பார்க்கிறவர்கள் யார் தெரியுமா? நகர் விற்பனை அண்ணன் மாதிரி ஆட்கள் மட்டும்தான்.

நகர் விற்பனை
உண்மைதான் சார். நான் போய்ப் பார்ப்பேன். அது என் பிழைப்பு.

தாளடி
அப்படியென்றால் நாங்களும் போகிறோம். நவம்பர் 1 கிராம சபைக்கு எங்கள் ஊரில் ஒரு வேலை வைத்திருக்கிறோம். எந்த வயலில் இருந்து எந்த வயலுக்குப் பாய்கிறது, எங்கே வடிகிறது என்று வாய்மடை முழுவதையும் ஒரு தாளில் வரைந்து, இதைக் கெடுக்கும் எந்த மனைப்பிரிவுக்கும் சம்மதம் இல்லை என்று தீர்மானம் போடப் போகிறோம். புலப்படம் பார்த்து வரையத் தெரிந்த பையன் யாராவது நீடாமங்கலம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், சாப்பாடு நம்ம வீட்டில். குடமுருட்டி தம்பி, நீங்களும் உங்கள் ஊரில் ஒன்று வரையுங்கள். உங்கள் மூலை வழியாக யாருக்கும் தண்ணீர் போகவில்லை என்று அதில் தெரிந்தால், உங்கள் விண்ணப்பத்தோடு அதையும் வையுங்கள். நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

மன்னை வக்கீல்
ஐயா, வெளியூர்க்காரர் கையெழுத்து எடுபடாது, அவர் ஊரில் மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் போட வேண்டும். படத்தில் சர்வே எண், உட்பிரிவு, தேதி மூன்றும் இருக்கட்டும். எந்த வருஷத்தில் இருந்து அந்த வழியில் பாய்கிறது என்று வயதானவர்கள் சொல்வதைத் தனித்தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் என்னைப் போன்ற ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.